முதலாளி இல்லாத ஒரு வாரம்

கடைத் தரகர் ரெஜினாம்மா இறந்த செய்தியை அப்பாதான் கொண்டுவந்தார். பால் பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "அவ போய்ட்டாளாம்" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெயர் சொல்லாமல் 'அவ' என்று குறிப்பிடப்படுபவர் அவர் ஒருவர்தான்.

மர்பி டவுனிலும் அல்சூரிலும் சின்னக் கடைகளை விற்றுக்கொடுத்தவர். அவரிடம் கடையை ஒப்படைத்தவர்கள் இதைப் படிக்கக்கூடும். அவருடைய இனிய குணத்தைப் பற்றி நான் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். பேக்கரிக்காரர் ஒருவர், இறந்துபோன மனைவியின் பெயரில் கடை நடப்பதால் அதற்கும் சேர்த்து விலை வைத்திருந்தார். "போர்டு வெறும் தகரம்யா. பேரை வூட்டுக்கு எடுத்துனு போ" என்றார் ரெஜினாம்மா. பேக்கரிக்காரர் அழுது முடிக்கும்வரை தன் டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

எங்களுடையது மர்பி டவுனில் ஒரு சின்ன இட்லிக் கடை. அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கடையை விற்று, சந்தாபுராவில் ஒரு சைட் வாங்கி வீடு கட்ட நினைத்தார். ஆறு லட்சம் கேட்டார். பார்க்க வந்தவர்கள் வடை தின்றுவிட்டுப் போனார்கள். மாதங்கள் போயின. கடை விற்பனைக்கு நிற்கிறது என்று தெரிந்ததும் பால்காரர் கடன் கொடுப்பதை நிறுத்தினார். அப்போதுதான் ரெஜினாம்மா வந்தார்.

"ஆறு எப்படி வந்துச்சு கோவிந்து?"

"இருபது வருச உழைப்பும்மா."

"அதை அன்னன்னிக்கே தின்னு தீத்துட்டியே. வாங்குறவன் இனிமே வர்றதுக்குத்தான் துட்டு குடுப்பான். முட்டிவலிக்கு எவ்ளோ போட்டிருக்கே?"

உள்ளே மாஸ்டர் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

"நான் இல்லாட்டி இந்தக் கடையே இல்லம்மா" என்றார் அப்பா.

"அப்போ எதை விக்கிறது? நீ வூட்டுக்குப் போனப்புறம் இன்னா மிஞ்சுதோ அதான் சரக்கு. ஒரு வாரம் இந்தப் பக்கமே வராதே. பொண்ணு கல்லாவுல உக்காரட்டும்."

யாருடைய கடையானாலும் அவர் இப்படித்தான் விலை பார்த்தார்.

நான் அப்போதுதான் பி.காம். முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நிமிர்ந்து நாலு பேரைப் பார்க்க வராது. அந்த வாரம் கடை நன்றாக ஓடினால்தான் எங்களுக்குச் சைட். படுத்தால்தான் அப்பாவுக்கு மரியாதை. அவர் எதை வேண்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

அப்பா கல்லாவில் இருந்தால் யாரையும் விடமாட்டார். "ரெண்டு இட்லிக்கு மூணு வாட்டி சாம்பாரா?" என்பார். பேப்பர் படிப்பவரிடம், "லைப்ரரி அந்தத் தெரு" என்பார். அதை எல்லாரும் ரசிக்கிறார்கள் என்றே நம்பியிருந்தார். நான் தலைகுனிந்து காசு வாங்கிச் சில்லறை கொடுத்தேன். வியாழக்கிழமை உட்கார இடமில்லாமல் நின்று தின்றார்கள். ஓர் ஆட்டோக்காரர், "பெருசு ஊருக்குப் போயிருக்காரா? அங்கேயே இருக்கச் சொல்லு கண்ணு. நிம்மதியா துன்றோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினாம்மா வீட்டுக்கு வந்தார். அப்பா எதிரிலேயே என்னைக் கூப்பிட்டார்.

"வியாபாரம் எப்படி? நீயே சொல்லு."

"கூட வந்துச்சு."

"சத்தமா சொல்லும்மா."

"அப்பா இருக்கிறப்பவிட ஜாஸ்தியா வந்துச்சு."

அப்பா தரையைப் பார்த்தபடி, "சம்பள வாரம் இல்லியா, அதான்" என்றார்.

"கோவிந்து, இது நல்ல சேதிப்பா! நீ இல்லாட்டி நல்லா ஓடுற கடை. தைரியமா நாலு கேக்கலாம்" என்றார் ரெஜினாம்மா. அவருக்கு உண்மையாகவே சந்தோஷம்.

அந்த மாதமே கடை நாலு லட்சத்துக்குப் போனது. சைட் வாங்கினோம், இதை எழுதுவது அந்த வீட்டில் உட்கார்ந்துதான். அப்பா அதன்பின் கடை இருந்த தெருவில் நடக்கவில்லை.

பின்னொரு நாள் பஸ் ஸ்டாப்பில் ரெஜினாம்மாவைப் பார்த்தபோது, அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நான் சொன்னா சண்டைக்கு வருவான். நீ சொன்னா வித்துடுவான்" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அடக்கத்துக்கு அப்பாவும் நானும் போனோம். சர்ச் நிறைந்திருந்தது. பாட்டும் ஜெபமும் குறையில்லாமல் நடந்தன. கல்லறைத் தோட்ட வாசலிலேயே அவருடைய மருமகன் செல்போனில் யாருக்கோ ஒரு கடைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, "பாத்தியா? அவ இல்லாமலே எல்லாம் நல்லாத்தான் நடக்குது" என்றார். பல வருடங்களாக வாயில் வைத்திருந்ததுபோல் இருந்தது.

ரெஜினாம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாரம். இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். விடுப்பு முடிந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், நான் இல்லாதபோது எப்படிப் போனது என்று பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்கிறேன். கேட்காமல் இருக்க முடிவதில்லை. அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாளும் கேட்டேன்.

"ஒரு பிராப்ளமும் இல்ல மேடம். வேலையும் சீக்கிரமே முடிஞ்சிடுச்சு" என்றாள்.

சம்பள வாரம் இல்லையா, அதனால்தான் என்று வாய்வரை வந்தது.