கடலில் புறப்பட்ட ஆறு

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் மாமா மகளும் நானும் சேர்ந்து ஒரு நாட்டை உண்டாக்கினோம். பழைய காலண்டர் தாள்கள் நான்கைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, பின்பக்கம் வரைந்த நாடு. அங்கே நெல் நீல நிறத்தில் விளையும். நாற்றுகள் தாமாகவே நடந்துபோய் வரிசையில் நின்றுகொள்ளும்; களை பறிப்பதெல்லாம் கொக்குகள். வீடுகளுக்குக் கால் உண்டு, வெள்ளம் வந்தால் எழுந்து மேட்டுக்குப் போய்விடும். கால் முளைத்த வீடு அவள் யோசனை. வேதாரண்யம் பக்கத்துக்காரி, புயலைப் பார்த்து வளர்ந்தவள். மலையும் எல்லையும் என் பொறுப்பு. பூகோளத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல் என்ற திமிர் எனக்குக் கொஞ்ச நஞ்சமல்ல.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்கு அருகில்; ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு முதலிலேயே வந்துவிடும். மாமாவின் ஊர் கடைமடை, வாய்க்கால் முடிகிற இடம். மேலே இருப்பவர்கள் எல்லாரும் பாய்ச்சிக்கொண்டு மிச்சம் இருந்தால்தான் அவர்களுக்கு. இரண்டு வருடமாக மிச்சமே இல்லை, நட்டதெல்லாம் காய்ந்தது. நிலத்தை அப்படியே போட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாமா என்று மாமா தவித்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் பேசும்போது இதெல்லாம் என் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி, எனக்கு உறைக்கவில்லை.

ஆறு வரைகிற வேலையை அவள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு மத்தியானம் முழுக்கக் குப்புறப் படுத்து வரைந்தாள். போய்ப் பார்த்தால், ஆறு கடலில் புறப்பட்டு மேற்கே மலையைப் பார்த்துப் போகிறது! கடற்கரையில் முதல் மதகு, முதல் வாய்க்கால், முதல் ஊர். அந்த ஊருக்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்திருந்தாள். நாற்று நடக்கலாம், வீடு எழுந்து ஓடலாம், ஆறு மட்டும் மேட்டில் ஏறக் கூடாதாம் எனக்கு. விழுந்து விழுந்து சிரித்தேன்.

“இப்புடியே இருக்கட்டும்டி,” என்றாள். “எங்க ஊருக்குத்தான் மொதல்ல தண்ணி. அங்க யாரும் திருப்பூருக்குப் போவ வேணாம்.”

மறுநாள் மாமா அவளை அழைத்துப்போக வந்தார். அப்பாவோடு அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது படத்தைத் தூக்கிப்போய் நடுக்கூடத்தில் விரித்தேன். அவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, கடலிலிருந்து ஆறு வருகிற அதிசயத்தைப் பாருங்கள் என்று கூவினேன். அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், மாமாவும் சிரித்தார். பிறகு நம்ம ஊர் எங்கே என்று மகளிடம் கேட்டார். அவள் விரலை வைத்துக் காட்டினாள். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடியே அவர் அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. தப்பாகப் போட்டுவிட்டாள் மாமா, நான் சரி செய்கிறேன் என்று சிவப்புப் பேனாவை எடுத்து, அவர் கண்ணெதிரே, ஆற்றில் அவள் போட்டிருந்த அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகக் கிழக்கே திருப்பினேன். அவள் ஊருக்குப் பக்கத்தில் ‘கடைமடை’ என்று கொட்டை எழுத்தில் வேறு எழுதினேன்.

மாமா இலையை மூடினார். “நீ போட்டதுதான் பாப்பா சரி,” என்றார். “தண்ணி அப்புடித்தான் போவும்.”

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். ஒரு காலண்டர் தாளுக்குப் போய் இப்படியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆடி பிறப்பதற்குள் அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார்கள். இந்த ஒரு வருடமாவது நட்டுப் பார்ப்போம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த மாமா, படம் பார்த்த அன்று எங்கள் வீட்டுக் கொல்லையில் கை கழுவும்போதுதான் அம்மாவிடம், “போயிடுறோம்க்கா,” என்றாராம். அம்மா இதை என்னிடம் சொன்னது என் கல்யாணத்துக்கும் பிறகு. அத்தனை வருடமும் மாமா அன்று என்னைப் பாராட்டினார் என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், அவளிடமேகூட.