வெள்ளிக்கிழமைப் பொட்டலம்

நாய்க் காப்பகம் நடத்துகிற யாரையும் விசாரித்துப் பாருங்கள், வாசலில் வண்டி நின்றாலே பயம்தான் என்பார்கள்: ஒன்று, அட்டைப்பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டு ஓடப்போகிறார்கள்; இல்லை, விஷம் வைக்க வந்திருக்கிறார்கள். காக்களூர் கம்பெனிகளுக்குப் பின்னால் ஷெட் போட்டிருக்கும் எனக்குக் கூடுதலாக ஒரு பயம். என் மகள் ஜெனி தவழ்கிற வயசு. நாய்கள் வாயில் வைப்பதையெல்லாம் அவளும் வைப்பாள். அவள் தூங்கின பிறகு எழுதுகிறேன்.

முதல் பொட்டலம்

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஸ்கூட்டர் சத்தம். நான் போவதற்குள் கேட்டுக்கு மேலாக ஒரு கறுப்பு கேரிபேக் வந்து விழுந்தது. வண்டி பறந்துவிட்டது. உள்ளே பச்சைக்கறி, கொழுப்பும் எலும்புமாக. கொஞ்ச நாள் முன்னால்தான் பக்கத்துத் தெருவில் நாய்கள் நுரை தள்ளிச் செத்திருந்தன. ஜெனியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, நாய்களைப் பார்த்துக்கொள்ளும் முனியம்மாவிடம் கறியைப் புதைக்கச் சொன்னேன். அவளுக்கு மனசே இல்லை.

"இன்னாம்மா நீ, எங்க ஊட்ல ஆக்கறத வுட நல்ல கறியா கீது."

ஜீப்புக்குக் குலைக்கும் நாய்

அதே வாரம் பின்பக்கத்து கம்பெனி வாட்ச்மேன் நாய் கேட்டு வந்தார். ஆள் வந்தால் குலைக்கக் கூடாதாம், ஜீப் வந்தால் மட்டும் குலைக்க வேண்டுமாம். கறி வீசியது இவர்தான், கம்பெனி இரும்பைத் திருடுகிறவர்களுக்குக் கூட்டாளி என்று முடிவே கட்டிவிட்டேன். அப்படி ஒரு நாய் எதற்கு என்றேன். கூச்சமே இல்லாமல் சொன்னார்:

"திருடனுக்கு எங்க கம்பெனில இன்னாம்மா கீது? சூப்பர்வைசர் ஜீப்புல வரசொல்ல என்னை எழுப்பி வுட்டா போதும்."

எலும்பு

அடுத்த வெள்ளியும் பொட்டலம் வந்தது, அதையும் புதைத்தோம். மறுநாள் துணி காயப்போட்டுத் திரும்பினால், நாய்கள் குழியைத் தோண்டி விருந்து நடத்திக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஜெனி, வாயில் ஒரு எலும்பு. பிடுங்கி எறிந்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டில் இருந்த கணவருக்கு வழியெல்லாம் மிஸ்டு கால். திருவள்ளூர் டாக்டர் சாயங்காலம் வரை உட்காரவைத்துப் பார்த்தார். ஜெனி அவருடைய ஸ்டெதஸ்கோப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை நல்லா இருக்கா. நீங்க இப்படி வாங்க, உங்க பிரஷரைப் பாக்கலாம்."

ஷெட்டில் ஒரு நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போதும் நான் நம்பவில்லை. மெதுவாகக் கொல்கிற விஷமாக இருக்கலாம் இல்லையா?

வெள்ளை ஜிப்பா

பிறரைச் சந்தேகிப்பது பாவம் என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லித்தந்தார்கள். அவர்கள் காப்பகம் நடத்தியதில்லை. மூன்றாவது வெள்ளி, நானும் முனியம்மாவும் துடைப்பத்தோடு கேட்டுக்கு வெளியே மரத்தின் பின்னால் நின்றோம். ஸ்கூட்டர் வந்தது. வெள்ளை ஜிப்பா, தொப்பி. மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருக்கும் பழவேற்காட்டு பாய்.

"ஏன் பாய் வீசிட்டு ஓடறீங்க?" என்றேன்.

"தொழுகைக்குப் போறேம்மா. நாய் வந்து நக்கிட்ச்சின்னா திரும்ப ஊட்டுக்குப் போயி துணி மாத்தணும்."

கறி எதற்கு என்றேன். பையை முனியம்மா கையில் கொடுத்துவிட்டு வண்டியை உதைத்தார்.

"என் கடை வாசல்ல கெடந்ததுங்கள நீதானம்மா புடிச்சிக்கினு வந்த? அதுங்க பங்கு."

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் முதலில் ஓடுவது முனியம்மாதான், கறியில் நாய்களுக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதுதான் என்னுடைய புதிய சந்தேகம்.