கழுத்துக்கு வைத்த முட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. என் வீட்டில், என் கண் முன்னால், நான் முழு நினைவோடு இருக்கும்போது நடந்தது. எனக்குப் பேய்க் கதை கேட்கிற பொறுமை கிடையாது. யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன். என் வேலையே எதையும் சந்தேகப்படுவதுதான்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பழைய எலெக்ட்ரிக் பேஸ் கிடார்களைத் தேடித் தேடிச் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பேஸ் என்றால் நான்கு தடித்த தந்திகள், நீளமான கழுத்து. அதன் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காரும். ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய அசல் ஒன்று கிடைத்துவிட்டால் இவர்களுக்குத் தலைகால் புரியாது. அதனாலேயே போலிகளும் அதிகம். ஒன்றைப் பிரித்துப் பார்த்து, எது அசல், எந்தத் திருகைப் பிறகு மாற்றினார்கள் என்று சொல்வது நான். வார்னிஷை முகர்ந்தே பொய்யைப் பிடித்துவிடுவேன், அதனால்தான் தன்னால் ஒரு பொய்கூடச் சொல்ல முடியவில்லை என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொள்வார்.

அவர் பேஸ் வாசிப்பவர். அவருடைய இடது கைதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கையை அவர் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஜாடி மூடி திறக்க மாட்டார், கதவிடுக்குப் பக்கம் போக மாட்டார். வீட்டில் எல்லா மூடியும் நான்தான் திறக்க வேண்டும். தந்தியை அழுத்தும்போது நான்கு விரலும் சமமாக உழைக்க வேண்டும், சுண்டு விரலுக்கு லீவு கொடுக்கிறவன் பாதி வாசிப்பாளன் என்று கற்றுக்கொள்ள வருபவர்களை விரட்டுவார்.

அன்று மழை. சாயங்காலம் நாலு மணி சுமாருக்குப் புரோக்கர் வந்தார். பழைய வாத்தியங்களை வாங்கி விற்கிற மனிதர், சாதாரணமாக வாய் மூடாதவர். அன்று வாசலைத் தாண்டவில்லை. டீ கொடுக்கிறேன் என்றேன், வேண்டாமாம்.

"அக்கா, காலைல வந்து எடுத்துக்கறேன். அசலான்னு மட்டும் பாத்து வைங்க."

நீளப் பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

பெட்டியைத் திறந்ததும் நான் மற்றதையெல்லாம் மறந்துவிட்டேன். கருஞ்சிவப்பு. ஒரு திருகுகூட மாற்றப்படவில்லை. வயதான வார்னிஷில் வலை பின்னியதுபோல மெல்லிய வெடிப்புகள். இதைப் போலியாகச் செய்ய முடியாது. கழுத்தின் மேல் விரல்கள் அழுந்தி அழுந்தி மரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அதில் ஒன்று மட்டும் இடித்தது. மூன்று விரல்களுக்கான பள்ளம் இருந்தது. சுண்டு விரல் விழவேண்டிய கட்டத்தில் மரம் புத்தம் புதிதாக இருந்தது. இத்தனை வருடம் வாசித்தவருக்குச் சுண்டு விரல் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு போட்டோ எடுத்துவிட்டு, பின்பக்கத்து நான்கு திருகுகளையும் கழற்றி, கழுத்தைப் பிரித்தேன். கழுத்து உட்காரும் குழிக்குள் ஒரு முட்டு இருந்தது. மேசை ஆடினால் காலுக்கடியில் காகிதம் மடித்து வைக்கிறோமே, அந்த மாதிரிதான். கழுத்து சாய்ந்தால் அடியில் ஒரு அட்டைத் துண்டை வைத்து நிமிர்த்துவார்கள். இது அட்டை இல்லை. நகத்தளவுக்கு, மஞ்சளும் வெள்ளையுமாக, ஒரு பக்கம் வழவழப்பாக, மறுபக்கம் பொடிப் பொடித் துளைகளோடு இருந்தது. மாட்டுக் கொம்பைச் சீவியிருப்பார்கள் என்று எண்ணினேன். ஆனால் கொம்பு இவ்வளவு சில்லென்று இருக்காது.

அதை வெளியே எடுத்து அளந்தேன். திரும்ப வைத்தபோது வழுக்கி வழுக்கி விழுந்தது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. எனக்கோ முதுகு வலி, டீ வேறு குடிக்கவில்லை. காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று அதை ஒரு டப்பா மூடிக்குள் போட்டேன். குழிக்குள் என்னுடைய அட்டைத் துண்டு ஒன்றை வைத்துக் கழுத்தை முடுக்கிவிட்டேன்.

வாசித்துப் பார்க்க என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எப்போதும் அப்படித்தான். அவர் வந்து அதை மடியில் வைத்து, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் பெட்டியில் வயரைச் செருகினார். நான் சமையலறைக்குப் போனேன்.

அருமையான சத்தம். ஆனால் அவர் வாசித்த மெட்டு எனக்குத் தெரியாதது. மெதுவாக, கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. திரும்பத் திரும்ப அதே மெட்டு.

"என்னங்க அது, புதுசா இருக்கு?"

மெட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது. சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும். ஃப்ரிட்ஜ் நின்றது. தெரு முழுக்க இருட்டு. மழை மட்டும்.

நான் தீப்பெட்டியைத் தேடினேன். மேடையைத் தடவியபோது தண்ணீர் டம்ளரில் கை பட்டது. டம்ளர் நடுங்கிக்கொண்டிருந்தது.

தரையும்தான். பாதத்தில் தெரிந்தது.

டும்... டும்... டும்...

சில நொடிகள் எனக்கு எதுவும் தோன்றவில்லை. அவர் வாசிக்கிறார், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

பிறகுதான் உறைத்தது. கரண்ட் இல்லாமல் ஆம்ப் எப்படிச் சத்தம் போடும்?

செல்போன் வெளிச்சத்தோடு போனேன். ஆம்ப்பின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. வாசித்துக்கொண்டிருந்தார்.

இடது கையில் வெளிச்சத்தை அடித்தேன்.

மூன்று விரல்கள்தான் ஓடின. சுண்டு விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தது.

"என்னங்க..."

அவர் திரும்பவில்லை. நான் வயரைப் பிடுங்கி எறிந்தேன். சத்தம் நிற்கவில்லை. என் பல் கிட்டிப்போனது. அவர் தோளைத் தொட்டேன். சட்டைக்கு மேலேயே ஜில்லிட்டது.

"எங்க வெச்ச?"

குரல் அவருடையதுதான். கேட்ட விதம் அவருடையது இல்லை.

"எதை?"

"எங்க வெச்ச?"

அந்தத் துண்டைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மேசைக்கு ஓடினேன். மூடிக்குள் அது இருந்தது. எடுத்தேன். திருப்புளியை எடுத்தேன். அவர் காலடியில் மண்டியிட்டு, மடியில் இருந்ததை முன்னால் சாய்த்தேன். அவர் தடுக்கவில்லை. வாசிப்பதை நிறுத்தவும் இல்லை.

ஒரு திருகு.

இரண்டு.

கழுத்து தளர்ந்தால் தந்தியும் தளரும். தந்தி தளர்ந்தால் சுருதி விழும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த எந்த பேஸிலும் அப்படித்தான். நான்கு திருகும் தளர்ந்துவிட்டது. தந்திகள் தொய்ந்து தொங்கின...

சுருதி விழவே இல்லை.

அட்டையை இழுத்துப் போட்டேன். துண்டை உள்ளே வைத்தேன். சாயங்காலம் வழுக்கியதே, அதே துண்டு, இப்போது என் விரலிலிருந்து தானாக உள்ளே போனது.

யாரோ உள்ளிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி.

முடுக்கினேன். நான்காவது திருகு இறுகியதும் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்...

"ஏம்மா இருட்டுல உக்காந்திருக்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். வாசித்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கை மட்டும் மரத்துப்போயிருக்கிறது என்றார்.

விடிந்ததும் புரோக்கர் வந்தார். அசலா என்று கேட்கவில்லை.

"தொறந்தீங்களாக்கா?"

திறக்காமல் எப்படிப் பார்ப்பது என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான், அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. போன் செய்தாலும் எடுப்பதில்லை.

என் வீட்டுக்காரரின் சுண்டு விரல் நிமிரவே இல்லை. எண்ணெய், வெந்நீர், பயிற்சி எல்லாம் பார்த்தோம். கடைசியில் எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் எப்போது நடந்தது என்று கேட்டார். எந்த ஆபரேஷனும் நடக்கவில்லை என்றோம். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"நுனி எலும்பு இல்லையே," என்றார்.

இப்போது என் வீட்டுக்காரர் மூன்று விரலால் வாசிக்கிறார். பழைய இடங்களில் கூப்பிடுவதில்லை. கற்றுக்கொள்ள வருபவர்களிடம் சுண்டு விரலைப் பற்றிப் பேசுவதும் இல்லை. நான் ராத்திரியில் விழித்துக்கொண்டால் முதலில் அந்தக் கையைத்தான் தடவிப் பார்ப்பேன். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு போன் வந்தது. வேறு ஊர்க்காரர், பேஸ் சேகரிப்பவர். கருஞ்சிவப்பு பேஸ் ஒன்றைக் கைமாறிக் கைமாறி இப்போதுதான் வாங்கினாராம். முன்பு பரிசோதித்தவர் நான் என்று கேள்விப்பட்டாராம். அவரே பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு சந்தேகம் என்றார்.

"கழுத்துக்கு அடியில ரெண்டு முட்டு இருக்கு மேடம். ஒண்ணு பழசு, மஞ்சளா இருக்கு. இன்னொண்ணு நல்ல வெள்ளை, புதுசு. எது அசல்?"

நான் வைத்தது ஒன்றுதான்.

எதிரே என் வீட்டுக்காரர் உட்கார்ந்து வலது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் உடனே உள்ளே வையுங்கள் என்று எப்படியோ சொன்னேன்.

போனில் பேசியவர் சிரித்தார். "அது கெடக்குது மேடம். எடுத்து மேசை மேல வெச்சுட்டேன். அட்டை வெச்சு முடுக்கியாச்சு. மாடியில என் பொண்ணு வாசிச்சுப் பாத்துட்டிருக்கா. கேக்குதா?"

போனில் பேஸ் சத்தம் சரியாகக் கேட்காது. இது கேட்டது. மெதுவாக... கீழே கீழே இறங்கிக்கொண்டு...

"சார், அங்க கரண்ட் இருக்கா?"



"இல்ல மேடம்," என்றார். "அரை மணி நேரமா இல்ல."