பொட்டு வைத்த ஜெட்

என் மாமாவுக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்கு ஜாதகம் காரணமில்லை, கார்தான் காரணம். சுதந்திரம் வந்த கையோடு ஊருக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து, யுத்தத்துக்கு முந்தைய பந்தயக் கார் ஒன்றை அம்மாவின் தம்பியான இவர் அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தார். கூரை கிடையாது, இரண்டே இருக்கை. எங்கள் ஊரான காஜா பேராங்கில் அது ஓடிப் பார்த்தவர்களைவிட மாமா அதைத் தள்ளிப் பார்த்தவர்களே அதிகம்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர், மாமாவுக்குப் பேசியிருந்த கிளேபாங் பெண்ணின் அப்பா. "நடுரோட்டுல நிக்கிற காடியில என் மகளை ஏத்த மாட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமாவோ அந்தப் பெண்ணைக் கோயிலில் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. கெஞ்சிக் கேட்டதில் கடைசியாக ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பெண் பார்க்க அதே காரில் வர வேண்டும், வழியில் நிற்கக் கூடாது.

கார்புரேட்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் ஜெட்டுகள் தேய்ந்துவிட்டன என்று கண்டுபிடித்தவர் பஸ் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த அப்பா. சிங்கப்பூரிலிருந்து புதியவை வந்தன. சுண்டுவிரல் நுனியளவு பித்தளைத் துண்டுகள், நடுவில் ஊசித் துளை. அம்மா அவற்றைச் சாமி படத்தின் முன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி நடுவில் குங்குமம் இட்டார். நடு என்றால் சரியாகத் துளைக்கு மேல். மாமா துடைக்கப் போனதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்ல காரியத்துக்குப் போற நாள்ல யாராச்சும் பொட்டை அழிப்பாங்களா?"

மாமா துளையை மட்டும் ஊதிவிட்டுப் பொட்டோடு பூட்டினார். அப்பா ஸ்பானரை மட்டும் எடுத்துக் கொடுத்தார். பஸ் கம்பெனியில்தான் அவர் ஃபிட்டர், வீட்டில் இல்லை.

காரில் இடமில்லாததால் அம்மா முன்பே பஸ்ஸில் போய்விட்டார். மாமா ஓட்ட, நான் அப்பாவின் மடியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கிளேபாங் கடற்கரையை நெருங்கும்போது கார் இருமியது, குலுங்கியது, நின்றது.

"போச்சு அத்தான்" என்றார் மாமா. அழுதுவிடுவார் போலிருந்தது.

அப்பா ஜெட்டுகளைக் கழற்றினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்து துளைகளை அடைத்திருந்தது. சாலையோரம் கிடந்த தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அதன் நுனியால் மாமாவும் அப்பாவும் குத்தி எடுத்தார்கள். எனக்கு ஒரே குஷி. பெட்ரோலும் சந்தனமும் கலந்த அந்த வாசனையை இன்றும் மறக்கவில்லை.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பெண்ணின் அப்பா வாசலிலேயே மடக்கினார். "வழியில நின்னுச்சா தம்பி?"

"பொட்டு வெச்சுப் பூட்டினதாச்சே, எப்படி நிக்கும்?" என்று உள்ளிருந்து கேசரித் தட்டோடு பெருமையாக வந்தார் அம்மா.

மாமா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பிள்ளைக்குக் கடல் காட்டலாம்னு நிறுத்தினோம்ங்க."

நான் சந்தனக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா தட்டிலிருந்த கேசரியை எடுத்து அதில் அடைத்தார். பெண்ணின் அப்பா மாமாவின் கையை முன்னால் இழுத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்க எண்ணெய்க் கரி, நக இடுக்கில் மஞ்சளாகச் சந்தனம்.

"கடல்ல இவ்வளவு கரியா?" என்று சிரித்தார். "காடி நின்னா சரிபண்ணி எடுக்கத் தெரியுதுலா. அது போதும்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அடுத்த வருடம் காருக்கு மறுபடி ஏதோ பாகம் வந்தபோது, அம்மா வழக்கம்போல் சாமி படத்தின் முன் வைத்தார். ஆனால் அட்டைப்பெட்டியைத் திறக்காமல், அதன் மேலேயே சந்தனமும் குங்குமமும் இட்டார்.

"பெட்டியத் திறக்க மறந்துட்டீங்கம்மா" என்றேன்.

"உள்ள என்ன இருக்குன்னு சாமிக்குத் தெரியும். நீ போய் விளையாடு."

மாமாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்கள். அம்மாவுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்றே நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.