கழுவிய பெட்டியை நம்பாத ரெஜினா அக்கா

செய்தி வைபர் குழுவில் வந்தது. ரெஜினா அக்கா காலமானார் என்று ஒரு வரி, அதன் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். மனுகாவில் வேலையிடத்துக்கு வந்து காரை நிறுத்திய கையோடு அதைப் பார்த்தேன். அந்தக் குழுவில் வருகிற எதையும் அக்கா நம்பியதில்லை. "ஆர் சொன்னது? ஆர் பாத்தது?" என்றுதான் கேட்பார். நானும் நம்பாமல் அவருடைய கணவர் அன்ரன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "ஓம் பிள்ளை, விடியப்புறம்" என்றார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய சந்தேகத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்து, இங்கே பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கி, சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றின் கணக்குப் பிரிவில் எனக்கு எதிர்மேசையில் வருடக்கணக்காக இருந்தவர். அவரோடு கடைக்குப் போக எல்லாருக்கும் பயம். உப்புக் குறைந்தது என்று எழுதிய சோயா சோஸ் போத்தலைக் கையில் எடுத்து, "எதைவிடக் குறைஞ்சது?" என்று அந்தப் போத்தலிடமே கேட்பார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசிக்கத் தொடங்குவார். நாங்கள் தள்ளுவண்டியோடு நிற்போம்.

அன்ரன் அண்ணைக்கு இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது என்று டாக்டர் எச்சரித்த காலத்தில்தான் பக்கத்து வீட்டுக் கெய்கோ ஒரு பென்டோவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜப்பானியர்கள் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற, உள்ளே அறை பிரித்த சாப்பாட்டுப் பெட்டி அது. அக்கா அதைத் திறக்காமல் வேலைக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"சும்மா ஒருத்தி இவ்வளவு மினக்கெட்டுச் செய்து தருவாளோ? என்னவோ கேக்கப்போறாள்."

திறந்தோம். கொஞ்சச் சோறு, மேலே கறுப்பு எள்ளு. சுட்ட சால்மன் மீனில் ஒரு துண்டு, சுருட்டிய முட்டை, தோலோடு அவித்த பூசணி, எள்ளு அரைத்துப் பிரட்டிய கீரை. மீனைக் கிளறிப் பார்த்தார், பூசணியைப் புரட்டிப் பார்த்தார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை. சோற்றைக் காட்டி, "பாத்தியா, எங்கட ஆக்கள் கோப்பை நிறையப் போடுறதை இவள் ஒரு மூலைக்குள்ள அடக்கிப்போட்டாள்" என்றார். குரலில் முதல்முறையாக மரியாதை இருந்தது. கெய்கோ கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் சமைத்துப் பழக அவருடைய குசினிக்கு அக்காதான் போய் நின்றார்.

அதற்குப் பிறகு வேலைநாட்களில் காலையில் அண்ணைக்கு ஒரு பெட்டி. சோறு நன்றாக ஆறும்வரை மூடியைப் போடமாட்டார். "சூட்டோட மூடினால் உள்ளுக்க வேர்க்கும். வேர்த்த சோத்தை நம்பக்கூடாது." முட்டையில் சீனி போட வேண்டும் என்று கெய்கோ சொன்னதை மட்டும் ஏற்கவில்லை. வெங்காயத்தாளும் மிளகும் போட்டுச் சுருட்டினார். போஞ்சி, கரட், காளான் என்று நிறம் பார்த்து அடுக்குவார். பொரியல் கிடையாது.

மாதங்கள் போயின. அண்ணையின் சீனி அசையவில்லை. இரத்தம் சோதித்த இடத்தில் மாறிப் போயிருக்கும் என்று அக்கா முதலில் நினைத்தார். பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்து குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பெட்டி கழுவி வருது."

"நல்லதுதானே அக்கா."

"என்ன நல்லது? இந்த மனுசன் கலியாணம் கட்டின நாளிலிருந்து ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவினதில்லை. பெட்டியில எலுமிச்சம்பழ மணம் அடிக்குது. எங்கட வீட்டில அந்தச் சவர்க்காரம் இல்லை."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். அக்கா அண்ணையிடம் நேரே கேட்கவில்லை. கேட்டால் கவனமாகிவிடுவார் என்று சொன்னார்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் அரைநாள் லீவு எடுத்து என் காரில் நியூ லின்னுக்குப் போனோம். அண்ணை அங்கே ஒரு கட்டடச் சாமான் களஞ்சியத்தில் வேலை. வழிநெடுக அக்கா செபமாலையை உருட்டிக்கொண்டே வந்தார். களஞ்சியத்துக்கு எதிரே காரை நிறுத்தினேன். வெளியே ஒரு மர வாங்கில் அண்ணை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வேலைச்சட்டை போட்ட, வாட்டசாட்டமான ஒரு பெண். அக்காவின் பெட்டி அவள் மடியில் திறந்திருந்தது. அண்ணையின் கையில் இறைச்சியும் சீஸும் உள்ளே வைத்துச் சுட்ட, 'பை' என்கிற மாப்பண்டம், பாதி கடித்தபடி.

அக்கா கதவைத் திறந்து இறங்கி நேரே போனார். நான் பின்னால் ஓடினேன். அண்ணை பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அந்த நிலையிலும் அவர் ஒளித்தது பையைத்தான் என்பதை அக்கா கவனித்திருக்க வேண்டும், நடை கொஞ்சம் தளர்ந்தது.

"இது சேலா" என்றார் அண்ணை. "டொங்காத் தீவுக்காரி. என்னோட வேலை செய்யிறவ. ஒருநாள் பெட்டியைப் பாத்து வடிவா இருக்கு எண்டா. குடுத்தன். பிறகு... அவ கொண்டாற பையும் நல்லாத்தான் இருந்தது."

சேலா எழுந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சாப்பிட்ட பெட்டியை ஊத்தையாகத் திருப்பிக் கொடுக்க மனம் வராது என்று ஆங்கிலத்தில் சொன்னார். தனக்கும் சீனி வருத்தம் என்றும், இந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாக இறங்கிவிட்டது என்றும், உங்கள் மனைவியை ஒருநாள் பார்க்க வேண்டும் என்று அன்ரனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்றும் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

அக்கா கையை எடுக்கவில்லை. கேட்டார்: "உண்மையாக இறங்கியதா? யார் சொன்னது?"

டாக்டர் சொன்னார் என்றார் சேலா.

"எந்த டாக்டர்?"

அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அது உடனே நின்றது. திரும்பி வரும்போது அக்கா காரில் அழுதார். அழுதுகொண்டே, "நான் மனுசனுக்குச் சமைக்க, அவளுக்கு இறங்கியிருக்கு" என்றார். கொஞ்சத் தூரம் போனபிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பெட்டிகள் கட்டினார். அண்ணை வெறும் பெட்டியைக் கொண்டுவந்தால் சேலாவுக்குப் போன் போகும். "அவர் சாப்பிட்டதை நீ கண்ணால் பார்த்தாயா?" சேலாவும் அண்ணையும் ஒருவரை ஒருவர் காவல் காத்துச் சாப்பிட்டார்கள். அடுத்த சோதனையில் அண்ணையின் சீனி இறங்கியது. அக்கா அந்தச் சோதனையை இன்னொருமுறை செய்விக்கச் சொன்னார்.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் நோ வந்தது. வெறும் வாயு என்று மருந்து கொடுத்தார்கள். அவர் நம்பவில்லை. ஸ்கான் எடுக்க வேண்டுமென்று பிடிவாதமாக நின்று எடுப்பித்தார். முடிவு வந்த அன்று எனக்குச் சொன்னது இதுதான்: "ஒருக்காவெண்டாலும் என்ர சந்தேகம் பிழைச்சிருக்கலாம்."

அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் அண்ணை பென்டோ கட்டினார். முட்டை சுருளாமல் கிழிந்து போயிருந்தது, பூசணி குழைந்திருந்தது. அக்கா கரண்டியால் சோற்றைத் தூக்கி, "அடியில என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டார். "ஒண்டுமில்லையப்பா" என்றார் அண்ணை. அக்கா ஒரு வாய் சாப்பிட்டு, நிறைய நேரம் மென்று, "உப்புச் சரி" என்றார். அண்ணை எழுந்து குசினிக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அக்கா என்னிடமும் கேட்டார், எப்படி இருக்கிறாய் என்று. நல்லா இருக்கிறன் அக்கா என்றேன்.

"பொய். திரும்பச் சொல்லு."

அவர் இல்லாத மேசைக்கு முன்னால் இருந்து சாப்பிட முடியாமல் மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் சொன்னேன். ஒருவரும் கண்டுபிடித்திருக்கவில்லை. மறுநாள் களஞ்சியத்துக்குப் போகிற வழி இல்லையென்றாலும் அண்ணை சுற்றிக்கொண்டு மனுகாவுக்கு வந்து, கீழே நின்று போன் எடுத்தார். எனக்கும் ஒரு பெட்டி.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். முதல் பதிலோடு விட்டுவிட இப்போது என்னால் முடிவதில்லை.

அடக்கம் முடிந்து உறவினர்கள் எல்லாம் போனபிறகு, நேற்று மதியம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"சாப்பிட்டீங்களோ அண்ணை?"

"ஓம் பிள்ளை, சாப்பிட்டன்."

"என்ன சாப்பிட்டீங்கள்?"

"அது... என்னவோ இருந்தது பிள்ளை."

"இருங்கோ, வாறன்" என்று சொல்லிக் கார்ச் சாவியை எடுத்தேன்.