தையல்கார அக்காவின் கேள்வி

பள்ளி நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். ஆனால் போகிற ஒரே ஆள் தையல்கார அக்காதான். மெஷினை மூடிவிட்டு, கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு முதல் வரிசையில் போய் உட்காருவாள். கேட்காமல் ஒருநாளும் திரும்பியதில்லை. "நல்ல கேள்விம்மா, கண்டிப்பா பரிசீலிக்கிறோம்" என்பார் தலைவர். அந்தப் பெருமையை வீட்டில் கேட்டுக் கேட்டுப் புருஷனுக்குக் காது புளித்துவிட்டது.

அன்று பள்ளி நூலகத்தைப் பற்றிய கூட்டம். கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரே சிரிப்பு.

"நூலகத்தை மூடறதுன்னு முடிவாயிடுச்சு. நான் ஓட்டு கேட்டதும் எல்லாரும் கையத் தூக்கிடுங்க," என்றார் தலைவர். "உடனே அந்தம்மா எந்திரிக்கும். எங்க, யாராவது எந்திரிங்க பாப்போம்."

உறுப்பினர் ஒருவர் போன் சார்ஜர் வயரை நாடாபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். "வீட்டுல புஸ்தகம் இல்லாத பிள்ளைங்க எங்கய்யா போகும்?" என்று அவளைப் போலவே இழுத்தார்.

"நல்ல கேள்விம்மா, கண்டிப்பா பரிசீலிக்கிறோம்."

வழியெல்லாம் அவள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததும் அதே கேள்விதான். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.