நம்பர் சொல்லுங்கப்பா

என் செல்போன் அடித்தால் பெரும்பாலும் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள்தான். மகள் புனேயிலிருந்து தினமும் கூப்பிடுவாள், ஆனால் அவள் அம்மாவின் போனுக்கு. இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடைசியில் அப்பா சாப்பிட்டாச்சா என்று ஒரு கேள்வி என் பக்கம் வரும். நான் வாயிலிருப்பதை விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவார்கள்.

எனக்கென்று அவள் கூப்பிடுவது காருக்காக மட்டும்தான்.

அவள் கல்லூரியில் படித்த நாளில் கார் இன்சூரன்ஸ் புதுப்பிப்பது என்றால் தென்காசியில் எங்களுக்கு அரை நாள் வேலை. ஆலங்குளத்தில் கணக்கு வாத்தியாராகக் கரும்பலகையில் எழுதி எழுதி, என் எழுத்து படிவத்தின் சின்னக் கட்டங்களுக்குள் அடங்காது. அதனால் அவளைக் கூட்டிப் போவேன். ஆர்.சி. ஜெராக்ஸ், பழைய பாலிசி ஜெராக்ஸ், ஒவ்வொன்றிலும் கையெழுத்து. ஒன்று விட்டுப்போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் எரிந்து விழுவேன், அவள் சிரிப்பாள். எல்லாம் முடிந்ததும் வண்டியைக் குற்றாலத்துக்கு விடச் சொல்வாள். குளிக்கவெல்லாம் இல்லை, ஐந்தருவி வரை போய்ச் சாரலில் திரும்பி வருவோம். போக வர அவள்தான் பேசுவாள். எந்தப் பரீட்சைக்குப் பயம், எந்தத் தோழியோடு சண்டை என்று எல்லாம் சொல்வாள். எங்கள் இருவருக்கும் முகம் பார்த்துப் பேச வராது. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு தானாக வரும்.

பிறகு எல்லாம் போனுக்குள் போய்விட்டது. இன்சூரன்ஸை அவள் புனேயில் இருந்தபடியே கட்டினாள். வண்டிக்குப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது என்றதும் பசுமை வரியையும் ஆர்.சி. புதுப்பிக்கும் விண்ணப்பத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். படிவம் இல்லை, ஜெராக்ஸ் இல்லை, 'நாளைக்கு வாங்க' என்ற பேச்சு இல்லை. நியாயமாகப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய வசதி. எனக்கு மிஞ்சியது ஒரே வேலை. என் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதை அவளுக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை ஆறு எண்ணையும் ஒழுங்காகச் சொன்னேன். சரிப்பா, வைக்கட்டுமா என்றாள். அவ்வளவுதான். ஒரு வருடம் காத்திருந்தது இதற்கா என்று இருந்தது.

அடுத்த தடவை நடுவில் ஒரு எண்ணை மாற்றிச் சொன்னேன். தப்பு என்று வந்துவிட்டது, புதிய நம்பர் வரும்வரை நேரத்தைப் பேச்சால் நிரப்ப வேண்டுமே. அங்கே மழையா என்று கேட்டேன். மழை, வீட்டு ஓனர், ஆபீஸ் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவள் வேலை மாறியதே எனக்கு அப்படித்தான் தெரியும். மூன்று முறை தப்பாகச் சொன்னால் கொஞ்ச நேரம் கழித்து முயற்சிக்கச் சொல்லும். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க என்னுடையது. ஒவ்வொரு முறையும் இதையே செய்தேன், கூச்சமே இல்லாமல்.

போன மாதம் ஆர்.சி. வேலையாகக் கூப்பிட்டபோதும் மூன்று முறை மாற்றிச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. என்றுமில்லாமல் மெதுவாக, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொன்னாள். அந்தக் கனிவில் எனக்கு இரண்டு நாள் சந்தோஷம். அடுத்த வாரம் இன்னொரு ஓ.டி.பி. கேட்டாள். மீட்டிங்குக்கு நேரமாகிறது என்றாள், அதனால் சரியாகவே சொன்னேன்.

இன்சூரன்ஸ் முடியும் தேதி நெருங்கியது. போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் கூப்பிடவில்லை. கடைசி நாள் காலையில் வாட்ஸ்அப்பில் புதிய பாலிசி வந்து விழுந்தது. கீழே எழுதியிருந்தாள்: "வண்டிக்கு என் நம்பரைக் குடுத்துட்டேன்பா. இனி ஓ.டி.பி. எனக்கே வரும். உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

போனில் அந்தப் பாலிசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி பக்கத்தில் வந்து நின்றாள். நான் திருநெல்வேலியில் கண் டாக்டரைப் பார்க்க மகள் நாள் வாங்கியிருக்கிறாளாம். அதோடு நிறுத்தவில்லை.

"வண்டிய வித்துருங்கன்னு பிள்ளை சொல்லுதா. கணக்கு வாத்தியாருக்கே ஆறு நம்பர் வாசிக்க முடியலன்னா ரோட்டுல எப்படிம்மா ஓட்டுவாங்கன்னு அழுதா."

முதலில் கோபம்தான் வந்தது. யாரைப் பார்த்து என்று வாய் வரை வந்துவிட்டது. அப்புறம் அந்தக் கனிவு நினைவுக்கு வந்தது. அது பயம். அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எங்கோ ஒரு ஊரில் தனியாக உட்கார்ந்து என் மகள் அழுதிருக்கிறாள், அவள் குரலை இன்னும் கொஞ்சம் கேட்க நான் ஆடிய ஆட்டத்துக்கு. வெட்கமாக இருந்தது.

அவளுக்கு நானாகப் போன் போட்டேன். எடுத்ததும் பதறிக்கொண்டு என்னப்பா ஆச்சு என்றாள்.

"ஒண்ணும் ஆகலட்டி. கண்ணும் நல்லாத்தான் இருக்கு, புத்தியும் நல்லாத்தான் இருக்கு. அத்தனை நம்பரையும் வேணும்னேதான் தப்பா சொன்னேன்."

ஏன் என்று கேட்டாள்.

"சரியாச் சொன்னா நீ வச்சிருதியேம்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவள் வைக்கவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.